சந்தைக்கு நாலு கட்டை



பெருந்தொற்றுக் காலமும் உணவும் என்று பரந்த தலைப்பு ஒன்றை அறக்கட்டளைக் குழுவினர் தந்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு உலகத்தையே சுற்றி வரலாம். நான் பதுளை மாவட்டத்தை விட்டு அதிகம் வெளியே போகப் போவதில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழராக இருக்கும் மாவட்டம் இது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தோட்டத்தோடு ஏதோ ஒரு தொடர்பு உண்டு. 2020 மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது, எங்கே அணையப் பார்த்தது என்பதுதான் என் பேச்சு.

நடந்ததைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். மார்ச் இரண்டாம் வாரத்தில் நாட்டுக்குள் முதல் இலங்கையருக்குக் கொவிட் தொற்று உறுதியானது. 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு. கொழும்பு, கம்பஹா, களுத்துறை முதலான மாவட்டங்கள் அதிக ஆபத்துள்ளவை என்று பிரிக்கப்பட்டன. பதுளை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே இங்கே சில நாட்களுக்கு ஒருமுறை காலையில் ஊரடங்கைத் தளர்த்தினார்கள், பிற்பகலில் மறுபடி போட்டார்கள். ஏப்ரல் 20க்குப் பிறகுதான் பகல் நேரம் ஓரளவு திறந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக அப்போதும் வழியில்லை.

இதற்கிடையில் தேயிலை அத்தியாவசியத் தொழில் என்று சொல்லி அதற்கு ஊரடங்கிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். காலையில் ஆள் எடுக்கும் பெரட்டு நடந்தது, மலையில் கொழுந்து பறித்தார்கள், ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலை ஓடியது. வேலை இருந்ததே, அந்தளவுக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். உண்மைதான், எத்தனையோ தொழிலாளருக்கு அந்த நாட்களில் அது கூட இருக்கவில்லை. ஆனால் ஊரடங்கு தளர்ந்த காலையும் பெரட்டுக்குப் போகும் காலையும் ஒரே காலை. மலைக்குப் போனால் கடை கிடையாது. கடைக்குப் போனால் பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், கிடையாது. அப்போது அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். டவுனில் ஒரு பை அரிசியும் இரண்டு கிலோ பருப்பும் வாங்க வரிசையில் நின்ற பெண் 700 ரூபாயை விட்டுவிட்டுத்தான் நின்றாள். அந்த ஆண்டின் முதல் மாதங்களில் வறட்சியால் கொழுந்து வேறு குறைவு. மாதத்தில் போடக்கூடிய பேரே குறைந்திருந்த நேரத்தில் சாமான் வாங்குவதற்காக இன்னும் இரண்டு பேரை இழக்க வேண்டியிருந்தது. பஸ் ஓடாததால் நாலு கட்டை, ஐந்து கட்டை (மைல்) நடை, அல்லது ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு. இந்தக் கணக்கை ஊரடங்கு நேரத்தைத் தீர்மானித்தவர்கள் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊவாவில் அந்த வாரங்களில் உணவுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. வெலிமடைப் பக்கம் போஞ்சியும் கோவாவும் உருளைக்கிழங்கும் வயலில் இருந்தன. கெப்பெட்டிபொலப் பொருளாதார மத்திய நிலையம் நமது மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கொழும்பு மெனிங் சந்தைக்கும் தம்புள்ளைக்கும் லொறி ஒழுங்காகப் போகாததால் மலைநாட்டு மரக்கறி தேங்கியது, விவசாயி தலையில் கையை வைத்தான். அதே மாவட்டத்தில் மலையின் மறுபக்கம் தோட்டத்து லயங்களில் வாழும் பிள்ளைகள் வெறும் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டார்கள். தேங்காய் கிடைக்காத வீட்டில் ரொட்டியும் தேத்தண்ணியும். இருபது மைல் தூரத்துக்குள் அழுகும் மரக்கறியும் மரக்கறி காணாத சட்டியும். நடுவே இருந்தவை தொலைந்து போன ஒரு லொறிப் பயணமும், பொலிஸ் அனுமதிச் சீட்டும், ஒரு சந்தை நாளும்.

   

லயத்து வீடு எப்படிச் சாமான் வாங்குகிறது என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சம்பளம் மாதம் 10ஆம் திகதியை ஒட்டி. அட்வான்ஸ் மாதக் கடைசியை ஒட்டி. இந்த இரண்டு நாட்களுக்கு நடுவில் காசு கிடையாது, கொப்பி உண்டு. தோட்டத்துக் கடையிலோ டவுனில் தெரிந்த முதலாளியிடமோ ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்குக் கொப்பி. எண்பது பக்கத்துப் பள்ளிக்கூடக் கொப்பிதான், அட்டையில் வீட்டுத் தலைவரின் பெயரும் லயத்தின் நம்பரும். உள்ளே ஒவ்வொரு வரியும் ஒரு கதை: மா 2, பருப்பு அரை, சீனி அரை, நெத்தலி 100, சவர்க்காரம் 1, பிள்ளைக்கு பிஸ்கட் 1. பிஸ்கட் என்ற வரி மாதத் தொடக்கத்தில் வரும், நடுவில் காணாமல் போகும். சம்பள நாளில் ஒரு பகுதி கழியும். மிச்சம் அடுத்த பக்கத்தின் தலையில் ஏறும். இந்தக் கொப்பியில் வட்டி எழுதுவதில்லை. சாமான் விலையிலேயே அது ஒளிந்திருக்கும். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் மலையகத்தில் சம்பளத்துக்கு முந்திய இரண்டு வாரச் சோறு இந்தக் கொப்பியிலிருந்துதான் வருகிறது என்பதை எந்த உணவுத் திட்டமும் கணக்கில் எடுத்ததில்லை.

ஊரடங்கு வந்ததும் கொப்பி இரண்டு பக்கமும் இடிபட்டது. தோட்டத்துக் கடைக்காரர் டவுன் மொத்த வியாபாரியிடம் கடனில் எடுப்பவர். மொத்த வியாபாரி கொழும்பிலிருந்து சரக்கு வராத பயத்தில் கைக்காசு கேட்டார். கைக்காசு கேட்டதும் தோட்டத்துக் கடைக்காரர் பழைய பாக்கி உள்ளவர்களுக்கு மாவை நிறுத்தினார். பாக்கி அதிகம் உள்ள வீடு எது? பிள்ளைகள் அதிகம் உள்ள வீடு, புருஷன் குடிக்கும் வீடு, நோயாளி உள்ள வீடு. பசி அங்கேயே முதலில் போய் நின்றது.

இன்னொரு வாசலும் மூடியது. கஷ்ட காலத்தில் தோட்டத்துப் பெண் காதிலிருப்பதைக் கழற்றிக்கொண்டு டவுன் அடகுக் கடைக்குப் போவாள். அந்த வாரங்களில் அடகுக் கடையும் பூட்டு. வங்கி அட்டையில் சம்பளம் விழுகிறவர்களுக்கோ டவுன் இயந்திரத்துக்குப் போனால்தான் காசு. கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்த நம் பிள்ளைகள் ஒரு பகுதியினர் கடைசி பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள், ஒரு பகுதியினர் அங்கேயே அறைகளில் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு வகையிலும் மாதாமாதம் வந்த கொழும்புக் காசு நின்றது. வந்தவர்களுக்குச் சோறும் போட வேண்டும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமில்லை. ஊரடங்குக்கு முன்பே பருப்புக்கு 65 ரூபாய், டின்மீனுக்கு 100 ரூபாய் என்று விலை நிர்ணயித்தார்கள். நம் பக்கத்துக் கடைகளில் அந்த விலைக்கு டின்மீனைக் கண்டவர்கள் கையைத் தூக்கலாம். ஏப்ரலிலும் மேயிலும் 5,000 ரூபாய் கொடுப்பனவு வந்தது. தோட்டத்துக்கு அது வரும்போது, வேலை இருக்கிறவர்களுக்கு எதற்கு என்ற கேள்வியும் கூடவே வந்தது. சமுர்த்தி நிவாரணப் பட்டியலில் தோட்டப்புறம் எப்போதும் அரைகுறையாகத்தான் இருந்தது. பட்டியல் சரியில்லாத இடத்தில் அவசரகால உதவியும் அந்தப் பட்டியலின் வழியாகவே போய் முட்டி நின்றது.

வீட்டு வாசலுக்குச் சாமான் கொண்டுபோகும் வண்டிகளும் ஓடின. அவை ஓடியது தார் ரோட்டில். ஸ்பிரிங்வெலியிலோ மடுல்சீமையிலோ தோட்டத்தின் மேல் டிவிஷனுக்குப் போகும் பாதையைப் பார்த்தவர்களுக்கு மேலே எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இதே நாட்களில் மூடிய இன்னொரு சந்தையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கொழும்புத் தேயிலை ஏலம். 1883இல் தொடங்கிய ஏலம் அது. அதுவரை மண்டபத்தில் கூடி, சுத்தியல் தட்டி நடத்தப்பட்டது. மார்ச்சில் அது நின்றது. நின்றதும் தரகர்கள், வாங்குவோர், தேயிலைச் சபை, மென்பொருள்காரர்கள் எல்லோரும் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். ஏப்ரல் 4ஆம் திகதி ஏலம் கணினி வழியாக நடந்தது. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் மாற்ற முடியாது என்றிருந்த முறை சில வாரங்களில் மாறியது. நான் அதைக் குறை சொல்லவில்லை. அது மாறியிராவிட்டால் ஸ்டோர் நின்றிருக்கும், பெரட்டும் நின்றிருக்கும். தேயிலை வெளியே போகும் சந்தை மூடியபோது நாட்டின் மூளைகளெல்லாம் ஒரே மேசைக்கு வந்தன. மா உள்ளே வரும் சந்தை மூடியபோது அப்படி ஒரு மேசை போடப்படவில்லை. ஒரு தோட்டத்துக்கு இரண்டு சந்தைகள் உண்டு. ஒன்றுக்கு மட்டுமே சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

இப்படி எப்போதும் இருந்ததா என்றால், இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் உணவு சந்தைக்கே விடப்படவில்லை. தோட்டமே அரிசி கொடுத்தது, சம்பளத்தில் கழித்தது. அதில் நடந்த அநியாயங்கள் உங்களுக்குத் தெரியும். தலைக்கங்காணியின் கடையும் பற்றுச்சீட்டும் தலைமுறை தலைமுறையாகக் கடனில் கட்டிப்போட்டன. 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது, சம்பளத்தோடு அரிசியின் விலையையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருந்தது. அரிசி ஒரு வரம்பு விலைக்கு மேல் போகக்கூடாது என்ற அடிப்படையில்தான் கூலி கணக்கிடப்பட்டது. கூலியையும் அரிசியையும் பிரித்துப் பார்க்க முடியாது என்ற அறிவு அன்றைய சட்டத்துக்கு இருந்தது.

1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. கூப்பன் வந்தது. கூப்பனுக்குச் சாமான் கொடுக்க நாடு முழுவதும் கூட்டுறவுச் சங்கக் கடைகள் முளைத்தன. அரிசி போதாத இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. ரொட்டி நம் சாப்பாடானதில் அந்த யுத்தத்துக்குப் பெரிய பங்குண்டு. யுத்தம் முடிந்தும் கூப்பன் அரிசி நின்றது 1970களின் கடைசியில்தான். 1979இல் உணவு முத்திரை வந்தது, பிறகு அதுவும் போனது. சங்கக் கடை மெல்ல மெல்லப் பழைய கட்டிடமாகியது.

நடுவில் 1973, 74. நம் வீடுகளில் இன்றும் 'சிறிமா காலத்துப் பஞ்சம்' என்பார்கள். உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின, பங்கீடு வெட்டப்பட்டது, மா அரிதானது. நாட்டுப்புறத்தில் ஒரு துண்டு நிலமாவது இருந்தவன் மரவள்ளி நட்டுப் பிழைத்தான். லயத்தில் இருந்தவனுக்கு நடுவதற்கு மண் கிடையாது. 1974இல் தோட்டங்களில் இறப்பு விகிதம் நாட்டின் மற்றப் பகுதிகளை விடக் கூர்மையாக ஏறியது. கிழங்கு தேடிக் காட்டுக்குப் போனவர்களும், டவுனில் கையேந்தியவர்களும், இந்தியாவுக்குக் கப்பலேறியே தீருவோம் என்று பாஸ்போட்டுக்கு எழுதிப் போட்டவர்களும் எங்கள் தெருவில் உண்டு. பெருந்தொற்றுக்கு முந்திய அந்தப் பஞ்சத்திலிருந்தே பாடம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கடலுக்கு அப்பால் ஒரு ஒப்பீடு. சென்னை கோயம்பேடு சந்தையைத் திறந்தே வைத்திருந்தார்கள். ஏப்ரல் கடைசியில் அங்கிருந்து ஆயிரக்கணக்கானோருக்குத் தொற்று பரவியது. 2020 மே 5இல் பூட்டினார்கள். சில நாட்களிலேயே ஊருக்கு வெளியே திருமழிசையில் தற்காலிகச் சந்தை போட்டார்கள். கோயம்பேடு மரக்கறிச் சந்தை மறுபடி திறந்தது செப்டம்பர் 28இல். ஒரே இடத்தில் எல்லோரையும் கூட்டும் சந்தை தொற்றுக் காலத்தில் ஆபத்து, அதை முன்கூட்டியே பிரித்து வைத்திருந்தால் பூட்ட வேண்டிய தேவையே குறைந்திருக்கும் என்பது அங்கே தெரிந்தது. ஆனால் தமிழ்நாட்டில் இன்னொன்று இருந்தது: நியாயவிலைக் கடை. ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, சீனி, எண்ணெயும் அந்தக் கடைகள் வழியாகவே போயின. கூட்டம் சேராதிருக்க நாளும் நேரமும் எழுதிய டோக்கன் கொடுத்தார்கள். குறைகள் இருந்தன, புழுத்த அரிசிப் பேச்சும் இருந்தது. ஆயினும் கடை இருந்தது, பட்டியல் இருந்தது, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. நாம் 1979இல் கைவிட்டதை அவர்கள் வைத்திருந்தார்கள்.

சரி, அந்த வாரங்களில் இங்கே யார் யாருக்குச் சோறு போட்டார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு டிவிஷனில் நடந்ததைச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து திரும்பியிருந்த நாலைந்து பொடியன்கள், தனிமைப்படுத்தல் நாட்கள் முடிந்ததும் லயம் லயமாகப் போய்ப் பட்டியல் எழுதினார்கள். எந்த வீட்டில் எத்தனை வாய், பால்குடிப் பிள்ளை உண்டா, கொப்பியில் பாக்கி எவ்வளவு. கிராம உத்தியோகத்தரைப் பிடித்து ஒரே ஒரு லொறிக்கு பாஸ் எடுத்தார்கள். லொறி வெலிமடைப் பக்கத்துச் சிங்களக் கிராமம் ஒன்றுக்குப் போனது. அங்கே விலை போகாத கோவாவும் கரட்டும் மூட்டையாய்க் கிடந்தன. விவசாயி லொறிக் கூலி கூடக் கட்டாத விலை சொன்னான். பொடியன்கள் அதற்கு மேல் கொஞ்சம் கொடுத்தார்கள். திரும்பி வந்து பெரட்டுக் களத்தில் தார்ப்பாயை விரித்து, வீட்டுக்கு ஒரு குவியலாகப் பிரித்தார்கள். வேலை முடிந்து இறங்கி வந்த பெண்கள் கொழுந்துக் கூடையைக் கழற்றி, அதே கூடையில் மரக்கறியைப் போட்டுக்கொண்டு லயத்துக்குப் போனார்கள். யாருக்கும் அன்று பேர் போகவில்லை. காசு உள்ளவர் கொடுத்தார், இல்லாதவர் சம்பள நாளில் கொடுத்தார். இப்படிச் சின்னச் சின்னதாய் வேறு தோட்டங்களிலும் நடந்தது. கோயில் கமிட்டிகளும் பழைய மாணவர்களும் பொதி கட்டினார்கள். பொதி நல்லதுதான், ஒருமுறை வரும், படம் எடுப்பார்கள், போவார்கள். அந்தக் கோவா லொறியை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம், அது தானம் இல்லை என்பதே. சந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து பெரட்டுக் களத்தில் வைத்தார்கள்.

2020 ஏப்ரலில் 'சௌபாக்கியா' வீட்டுத் தோட்டத் திட்டம் வந்து விதைப் பொட்டலங்கள் கொடுத்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா அறையிலும் இஸ்தோப்புத் திண்ணையிலும் வாழ்கிறவர்கள் விதையை எங்கே போடுவது? லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தி போடவும் நிர்வாகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். நிலம் கொடுப்பது பற்றிய பேச்சு நீளமானது, அதை இன்று எடுத்தால் இன்னொரு சொற்பொழிவாகிவிடும்.

தொற்றோடு முடிந்ததா? 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள், வெலிமடை உருளைக்கிழங்கும் நம் தேயிலையும் ஒன்றாக அடிபட்டன. அதே ஆண்டு மேயிலும் ஆகஸ்டிலும் மறுபடி முடக்கம். 2022 தொடக்கத்தில் தோட்டக் குடும்பங்களுக்கு மாதம் 15 கிலோ மா, கிலோ 80 ரூபாய்க்கு என்று அரசு அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மாவின் விலை 400 ரூபாயைத் தொட்டது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். தொற்றுக்கு முன்பே, 2016ஆம் ஆண்டுக் குடிசன சுகாதார ஆய்வில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாட்டுச் சராசரி 17.3. ஏற்கனவே குட்டையாக்கப்பட்ட பிள்ளைகளின் தட்டிலிருந்துதான் இந்த மூன்று ஆண்டுகளும் எடுத்தன.

ஆகவே நான் கேட்பது உணவைச் சேமித்து வைக்க ஒரு காம்பரா. டிவிஷனுக்கு ஒன்று. அரசு அறிவித்த 15 கிலோ கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இருநூறு குடும்பம் உள்ள டிவிஷனுக்கு ஒரு மாத மா மூவாயிரம் கிலோ. ஒரு சின்ன லொறிச் சுமை, ஒரு சின்ன அறை. இதோடு பருப்பு, கருவாடு, எண்ணெய், பால்மா. எப்போதும் ஒரு மாதச் சரக்கு உள்ளே இருக்க வேண்டும். பழையது வெளியே போகப் புதியது உள்ளே வர வேண்டும். சாதாரண நாட்களில் அது சங்கக் கடையாக ஓடும், கொப்பியும் அங்கேயே இருக்கும், விலையில் ஒளித்து வைத்த வட்டி இல்லாமல். ரோடு மூடினாலும், மண் சரிந்தாலும் — மீரியபெத்தை மண்சரிவை 2014இல் பார்த்த மாவட்டம் இது — ஒரு மாதம் அந்த டிவிஷன் தாங்கும். மரக்கறிக்கு வாரம் ஒரு நாள் வெலிமடை லொறி பெரட்டுக் களத்துக்கு வரட்டும், வேலை முடிகிற நேரத்தில். பண்டாரவளை ஞாயிறு சந்தை தன் பாட்டில் நடக்கட்டும். அது பூட்டினாலும் இது நடக்கும்.

காசு எங்கிருந்து என்று கேட்பீர்கள். அந்த மூவாயிரம் கிலோ மாவுக்கு அறிவித்த 80 ரூபாய்க் கணக்கில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். இன்றைய விலையில் அதைவிட அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒருமுறை போடும் முதல், சம்பளத்துக்குச் சம்பளம் திரும்பி வரும். கம்பெனிகள் ஒரு பங்கு, கூட்டுறவுத் திணைக்களம் ஒரு பங்கு, தொழிற்சங்கச் சந்தாவிலிருந்து ஒரு பங்கு. சந்தா என்றதும் சில முகங்கள் இறுகுவது இங்கிருந்து தெரிகிறது. பரவாயில்லை.

சாவி யாரிடம் என்பதுதான் சண்டைக்குரிய இடம். தோட்டத்து அரிசி வரலாறு முழுவதும் சாவியின் வரலாறு. தலைக்கங்காணியிடம் இருந்தபோது ஒரு கதை, நிர்வாகத்திடம் இருந்தபோது ஒரு கதை, சங்கக் கடை மனேஜர் தன் கட்சிக்காரனுக்கு முதலில் நிறுத்துக் கொடுத்தபோது இன்னொரு கதை. என் யோசனை இது: கொழுந்தெடுக்கும் பெண்களில் மூன்று பேர், வெவ்வேறு தொழிற்சங்கங்களைச் சேர்ந்தவர்கள், மூன்று பூட்டு. மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும். மாதக் கணக்கைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கதவில் ஒட்ட வேண்டும். இது நடக்காது என்று நினைக்கிறவர்கள் பின்வரிசையில் இருக்கிறீர்கள் என்று தெரியும். தேநீருக்குப் பிறகு கேள்வி நேரம் இருக்கிறது, காரணத்தோடு வாருங்கள்.